உப்புக்கு முன்னால் ஒரு கரண்டி

போன வருடம் ஐப்பசி மழை. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றுகொண்டிருந்த சமயம். வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அந்தக் காய்ச்சல்தான் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. வினையும் அதிலிருந்துதான் வந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா தவறி சில வருடங்கள் ஆகின்றன. நான் மண்ணூர்பேட்டையில், இயந்திர உதிரிபாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஓய்வு கொடுத்தது அரசாங்கம்தான், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. விடிந்தும் விடியாமலும் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் விசில் சத்தம் கேட்கும். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள், பேரனைப் பள்ளிக்கு எழுப்புவதற்கு முன்னால் வருகிற பெரியவர்கள், தரைத்தள அக்கா என்று எல்லோரும் அவர் சொன்னபடி குனிவார்கள், நிமிர்வார்கள். கை முழங்காலுக்குக் கீழே இறங்காவிட்டால் யாராக இருந்தாலும் திட்டு விழும். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

அந்த மாஸ்டர் ஒரு மாலை கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர், வீட்டுக்குள் வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வியர்வை கொட்டுகிறது; பேச்சு வரவில்லை. நான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் தசை கொஞ்சம் பலவீனமாகிவிட்டது என்றும், பழைய வேகத்தில் அது ரத்தத்தைத் தள்ளாது என்றும் மருத்துவர் சொன்னார். நுரையீரலில் வேறு நீர் கோத்திருந்ததாம். வீட்டுக்கு அனுப்பும்போது அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: உப்பு. உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் தங்கும். தங்குகிற தண்ணீரையெல்லாம் பலவீனமான இதயம்தான் சுமக்க வேண்டும். ஆகவே ஒரு நாள் முழுக்கச் சேர்த்து அரைத் தேக்கரண்டிக்கு மேல் உப்பு கூடாது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். திடீரென்று ஏறினால் அது சதையில்லை, தண்ணீர்.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கவலையோ வேறு. திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், யார் கேட்டாலும் வைரல் காய்ச்சல்னு சொல்லு. ஹார்ட்டுனு வாயைத் திறந்த, நான் மொட்டை மாடிப் பக்கமே போக மாட்டேன்" என்றார். ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. நானும் அப்படியே சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு குணம். எதையாவது பிடித்தால் விட மாட்டேன். அன்றிலிருந்து உப்பைப் பிடித்துக்கொண்டேன். சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு பாக்கெட்டாகப் புரட்டிப் பின்பக்கத்தைப் படித்தேன். சோடியம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு வந்துவிடும். பெருக்கப் பெருக்கக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. இனிப்பு பிஸ்கட்டில் உப்பு. பிரெட்டில் உப்பு. அப்பளத்தில் கேட்கவே வேண்டாம். ஆப்பசோடா என்று நாம் சாதாரணமாகப் போடுகிறோமே, அதுவும் சோடியம்தான். இந்துப்பு நல்லது, கல்லுப்பு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம், சோடியம் என்று பார்த்தால் ஒரே குடும்பம்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட்டைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி வாங்கிவந்தேன். நல்லவேளை, பிரிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் கேட்டேன். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கும், அப்பா சாப்பிடுகிற மாத்திரை ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்றார். பாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டேன். சமையலில் உப்பே போடுவதில்லை. அன்றைக்கு உரிய அரைத் தேக்கரண்டியை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவேன். தட்டில் பரிமாறிய பிறகு, வேண்டிய இடத்தில் அப்பா தூவிக்கொள்ள வேண்டும். மேலாகத் தூவினால் நாக்கில் முதலில் உப்புதான் படும். கொஞ்சத்திலேயே ருசி தெரியும். காலையில் சாம்பார், கூட்டு, ஒரு பொரியல் செய்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தால் இருட்டும்போதுதான் திரும்புவேன்.

என்ன ஆச்சரியம்! மாலையில் வந்து பார்த்தால் சாம்பார்ப் பாத்திரம் காலி, கூட்டுப் பாத்திரம் காலி. உப்பில்லாத சமையலை அப்பா இப்படி ரசித்துச் சாப்பிடுகிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேஜை நண்பனிடம் சமையல் குறிப்பெல்லாம் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் எடை ஏறியது.

முதலில் எடை இயந்திரம் பழுது என்று நினைத்தேன். நான் ஏறிப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த நாள் அப்பாவின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ காலில் நுழையவில்லை. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமானது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைமேல் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டார். மருத்துவரிடம் ஓடினோம். நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டி எழுதியவர், பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கேயோ உப்பு உள்ள போகுது தம்பி. எங்கேன்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவை நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சுன்னா, இந்த இதயம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

"நான் சமையலில் துளி உப்புகூடப் போடுவதில்லை சார்" என்று நான் சத்தியம் செய்யாத குறை. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என் தொழில் புத்தி வந்துவிட்டது. உதிரிபாகத்தில் குறை வந்தால் எந்த இயந்திரத்தில் வந்தது என்று பின்னாலேயே போய்ப் பிடிப்போமே, அப்படி. பால் பாக்கெட், மாத்திரை அட்டை, தண்ணீர் கேன் வரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். டிப்போ வாசல் டீக்கடைக்குப் போய், "எங்க அப்பா இங்க வந்து பஜ்ஜி கிஜ்ஜி சாப்பிடுறாரா?" என்று விசாரித்தேன். கடைக்காரர் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, "மாஸ்டரா? நான் பஜ்ஜி போடறதுக்கே என்னை வந்து திட்டிட்டுப் போற மனுசன் சார் அவரு" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடமே நேராகக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. "என்னைத் திருடன்ற" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடுப்பு போட்டேன். இன்றைக்கு முழுக்கக் கூடவே இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு. மதியம் நெருங்கும்போது அழைப்பு மணி அடித்தது. அப்பா உள்ளே சாய்ந்து கண்மூடியிருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். தரைத்தள அக்கா, கையில் எவர்சில்வர் கிண்ணம். அக்காவுக்கு இந்த மண்ணே சொந்த ஊர். இங்கே நெல் விளைந்த காலத்தில் அவர் குடும்பம் அந்த வயல்களில் கூலி வேலை செய்ததாம். இப்போது அவர் கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார்.

"அட, நீ ஊட்லயா கீற? வேலைக்குப் போவலயா நைனா? சரி, இந்தா. கருவாட்டுத் தொக்கு, சூடா எட்த்தாந்தேன். மாஸ்டருக்கு வாய்க்கசப்பு போச்சா இல்லயா?"

கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். வாசனையிலேயே எனக்கு வாயில் உப்புக் கரித்தது. கருவாடு! உப்பிலேயே ஊறி, உப்பிலேயே காய்ந்த கருவாடு!

நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. திருநெல்வேலிக்கார ஆன்ட்டி. அவர் கையிலும் ஒரு கிண்ணம்.

"ஏம்ப்பா, நீ வீட்லதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. உப்பு நார்த்தங்கா தீந்திருக்கும்லா? நேத்தே உங்கப்பா கடைசித் துண்டுன்னு சொன்னாவ. காய்ச்சக்காரங்களுக்கு நாக்கு செத்துக் கிடக்கும். இதைக் கொஞ்சம் நக்கிக்கிட்டாத்தான் கஞ்சி இறங்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் காய்ச்சல் என்று சொன்னோம். காய்ச்சல் வந்து போனவருக்கு என்ன கொடுப்பார்கள்? நார்த்தங்காய், ஊறுகாய், மோர் மிளகாய், துவையல், கருவாடு. செத்த நாக்கை எழுப்ப, வீட்டில் இருப்பதிலேயே உப்பும் உறைப்புமான பண்டங்கள். நாங்கள் சொன்ன பொய்க்கு என்ன வைத்தியமோ அதைத்தான் இரண்டு வீடும் அன்போடு செய்துகொண்டிருந்தன.

அதோடு முடியவில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேக்கிறேன்னு தப்பா நென்ச்சிக்காத. நீ இன்னாத்துக்கு எதுலயுமே உப்பு போட மாட்ற? ஒனக்கும் ஜொரம் ஒட்டிக்கினு ருசி தெரியாமப் பூட்ச்சா?" என்றார்.

"எங்க சமையல் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆன்ட்டிதான் சொன்னார். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்பது அம்மா இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா அதை விடவில்லை. தினமும் கிண்ணத்தைக் கழுவி, என் சாம்பாரையும் கூட்டையும் ஊற்றி, எதிர்வீட்டிலும், படியிறங்கிப் போய் அக்கா வீட்டிலும் கொடுத்திருக்கிறார். நான் பூரித்துப்போன காலிப் பாத்திரங்களின் ரகசியம் அதுதான்! சாம்பாரை வாயில் வைத்த இரண்டு வீட்டிலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: தகப்பனுக்கும் மகனுக்கும் சேர்த்தே நாக்கு செத்துவிட்டது. பாவம், பொம்பளை இல்லாத வீடு. ஆகவே போட்டி போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

"எங்க ஊட்டுக்காரரு ஒன் சாம்பார சாப்ட்டுட்டு, 'இன்னா இது, ஆஸ்பத்திரி கஞ்சித் தண்ணியா?'ன்றாரு" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. கையில் தொக்கு சுடுகிறது. உள்ளே அப்பாவின் மூச்சு இழுப்பது வாசல் வரை கேட்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கொட்டிவிடலாமா என்று யோசித்தேன். நாளைக்கும் வருமே. ஒன்றும் வேண்டாம் என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிடலாமா? அம்மா போன நாட்களில் எங்களைப் பட்டினி கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் இந்த இரண்டு பேர்தான். வேறு ஏதாவது கதை கட்டலாமா? ஒரு கதை கட்டியதற்கே அப்பாவுக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது. அவருக்குக் கொடுத்த வாக்கா, அவருடைய இதயமா என்று வந்தபோது எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. மாடிப்படியில் நின்றபடியே, குரலைத் தாழ்த்தி, ஸ்டென்டிலிருந்து எடை இயந்திரம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்காவின் முகம் அப்படியே மாறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டார். "இத்தினி நாளா நான் அந்த மனுசனுக்கு வெசத்தையா ஊட்டிக்கினு இருந்தேன்?" என்று கேட்டவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆன்ட்டி நார்த்தங்காய்க் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"வெஷமெல்லாம் இல்லம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அப்பாவின் குரல். எப்போது எழுந்து வந்தாரோ, எனக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னிடம் திரும்பி, "நீ சமையல்லதானேடா உப்பு கூடாதுன்ன? இது தொட்டுக்கதானே, துளியூண்டுதானேன்னு நினைச்சேன். ஆசையா கொண்டாந்து குடுக்கறவங்ககிட்ட வேணாம்னு எப்படிடா சொல்றது?" என்றார். நேற்று நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது.

அக்கா அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மாஸ்டர் இது, காலு இப்டி வீங்கிக்கினு கீது! ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

அப்பா வீங்கிய காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "உங்களையெல்லாம் குனி, நிமிருன்னு அதட்டினவன் நான். எனக்கே ஹார்ட் சரியில்லன்னா, நாளைக்கு மொட்டை மாடிக்கு எவன் வருவான்?" என்றார்.

"எக்சைஸ் பண்ணவா நாங்க வர்றோம்? காலங்காத்தால நீங்க அந்த ஐ.டி. பசங்களத் திட்றதக் கேக்கத்தான் வர்றோம். அதுக்கு ஹார்ட்டு எதுக்கு? வாய் இருந்தாப் போதும்!" என்றார் அக்கா.

ஆன்ட்டி சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சிரிப்பில் மூச்சு வாங்கியது. மூவரும் பதறிப்போய் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம்.

அன்றைக்குத் தொக்கு அதே கிண்ணத்தில் கீழே திரும்பிப் போனது. இனி யாரும் எதுவும் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதுதான் எனக்குச் சற்று வருத்தமாகவும் இருந்தது. சாப்பாட்டை விட, மதியத்தில் அந்த மணி அடிப்பதற்காகத்தான் அப்பா காத்திருந்தார் என்பது எனக்கு இப்போது புரிந்திருந்தது.

ஆனால் மணி அடிப்பது நிற்கவில்லை. மறுநாளே ஆன்ட்டி என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு, எதில் எவ்வளவு சோடியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெருங்காயத்தில் இருக்கா, புளியில் இருக்கா, தேங்காயில் இருக்கா என்று நான் மூச்சுவிட முடியாத அளவுக்குக் கேள்வி. பிறகு எலுமிச்சம்பழமும் வறுத்த சீரகமும் மிளகும் வைத்து உப்பில்லாமல் ஒரு ரசம் வைத்தார் பாருங்கள், என் சமையல் குறிப்புகளையெல்லாம் நண்பனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா பச்சை நெத்திலியைப் புளியும் பூண்டும் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தார். உப்பு போட்டீங்களா அக்கா என்று நான் சந்தேகமாகப் பார்த்தபோது, "கடல்லயே பொறந்து கடல்லயே வளந்த மீனு. அதுக்குப் போய் நான் வேற உப்பு போடணுமா?" என்றார்.

முதல் சில நாள் அப்பாவுக்கு எதுவும் இறங்கவில்லை. நாக்கு பழக வாரக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மெல்ல மெல்லப் பழகிற்று. எடை இறங்கியது. தலையணைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலிலிருந்து இறங்கின. மழை விட்டு மார்கழிப் பனி ஆரம்பித்தபோது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அப்பா மொட்டை மாடிக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் அதட்டல். ஒருவர் குறையாமல் வந்திருந்தார்கள். அக்கா தன் கணவரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். இந்த அமளியில் அவருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கப்போய், அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது தெரியவந்ததாம். "ஒங்கப்பாவால என் அப்பளம் போச்சு தம்பி" என்று என்னிடம் புலம்பினார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு ஜாடியில் கையை விட்டவர் சட்டென்று நிறுத்தி, ஒரு கரண்டி குழம்பை எடுத்து வேறு கிண்ணத்தில் ஊற்றித் தள்ளி வைத்தார். அதன் பிறகுதான் சட்டியில் உப்பு போட்டார். யோசித்துச் செய்கிற மாதிரியே தெரியவில்லை. கை தானாகவே செய்தது. எதிர்வீட்டிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

பாக்கெட்டுகளைப் புரட்டி நான் சேர்த்த அறிவு தவறில்லை. அது இல்லாவிட்டால் அன்று வாசலில் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் நம்மேல் பிரியம் வைத்தவர்களிடம் நம் நோயை மறைத்தால் அந்தப் பிரியத்துக்கே வழி தெரியாமல் போய்விடும் என்பதை, உப்பு விழுவதற்கு முன்னால் என் அப்பாவுக்காக எடுத்து வைக்கப்படுகிற அந்த ஒரு கரண்டிக் குழம்பு தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.